ரவிவர்மா லட்சுமி: சாமி படமா, நாடக சீனா?

செப்புத்திருமேனி: மாமல்லபுரம் வராக மண்டபத்துக் கஜலட்சுமியைப் பாருங்கள். தாமரையில் அமர்ந்திருக்கிறாள், யானைகள் குடத்து நீரால் நீராட்டுகின்றன. ஓவியர் ரவிவர்மாவின் அச்சகத்தில் அச்சான லட்சுமிக்குப் பின்னாலோ ஒற்றை யானை, துதிக்கையில் மாலையோடு, கல்யாண வரவேற்புக்கு வந்த மாதிரி. புடவை கட்டிய அழகான பெண்ணுக்கு நாலு கை வைத்தால் தெய்வமா? நாடகத்தனம் என்று கலை வரலாற்றாசிரியர் ஆனந்த குமாரசாமி அன்றைக்கே சாடினார். சரியாகத்தான் சொன்னார்.

கல்லச்சுப் பித்தன்: பழியை ஒருவர் தலையில் கட்டாதீர்கள் சார். ரவிவர்மா பம்பாயில் அச்சகம் போட்டது 1894ல். சாமி படம் அச்சடித்த கல்கத்தா ஆர்ட் ஸ்டுடியோவும் புணே சித்திரசாலையும் 1878லேயே தொடங்கிவிட்டன. அப்புறம், இது ஏதோ சுலபமான நகல் வேலை என்ற எண்ணம் வேறு. என்னிடம் ஓரம் செல்லரித்த மேனகை படம் ஒன்று இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கன்னம் முழுக்கப் புள்ளி, கையால் வைத்தவை. இன்றைய காலண்டர் மாதிரி வரிசையாக இல்லை, இங்கே நெருக்கம், அங்கே கலைசல். கல்லில் வரைந்து அச்சடிக்கும் முறை இது, ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். சிவப்புக் கல் ஒரு நூல் நகர்ந்ததில் உதட்டுச் சாயம் வெளியே வழிந்திருக்கிறது!

செப்புத்திருமேனி: தொழில்திறமையை யார் குறை சொன்னது? முகத்தைப் பற்றிப் பேசுங்கள். லட்சுமி, சரஸ்வதி, தமயந்தி எல்லாரும் அக்கா தங்கை மாதிரி இருக்கிறார்கள்.

நாகர்கோவில்காரி: திருவிதாங்கூரில் எல்லாருக்கும் கோயில் திறந்தது 1936ல். ரவிவர்மா இறந்து 30 வருஷம் கழித்து. அதுவரை எங்கள் கொள்ளுப்பாட்டி கருவறைப் பக்கமே போனதில்லை. அவளுக்கு லட்சுமி என்றால் அந்தப் படம்தான். புடவைக்கரையில் சரிகையும் ஜிகினாவும் ஒட்டி வைத்திருந்தாள். வராக மண்டபத்தை அவளுக்கு யார் காட்டினார்கள்?

செப்புத்திருமேனி: அது நியாயம், அக்கா. ஆனால் படம் வருவதற்கு முன் உங்கள் வீட்டில் சாமியே இல்லையா? இசக்கியும் சுடலையும் இருந்தார்களே. சிவந்த, சாந்தமான முகம் வந்து அவர்களை ஓரம்கட்டவில்லையா?

நாகர்கோவில்காரி: இசக்கி எங்கேயும் போகவில்லை. புளியமரத்தடியில் கல்லாக அவள், வீட்டுக்குள் கண்ணாடிக்குப் பின்னால் இவள். வெள்ளிக்கிழமை கொள்ளுப்பாட்டி ரெண்டு பேருக்கும் ஒரே சூடக்கட்டியை உடைத்துத்தான் ஏற்றுவாள். முகம் பார்த்து யாரையும் ஓரம்கட்டவில்லை.

கல்லச்சுப் பித்தன்: இன்னொன்று. 1900களின் தொடக்கத்தில் ரவிவர்மா அச்சகத்தை ஷ்லைஷர் என்ற ஜெர்மன்காரருக்கு விற்றுவிட்டார். பெயர்ப்பலகை மட்டும் மாறவில்லை. பிறகு வந்தவற்றில் அவர் தூரிகையே படாத படங்கள் நிறைய. எல்லாவற்றையும் அவர் கணக்கில் எழுதித் திட்டுவது என்ன நியாயம்? அக்கா, அந்தப் படத்தின் அடியில் ஊர் பெயர் இருக்கும். பம்பாயா, அச்சகம் பிறகு இடம் மாறிய லோணாவ்லாவா?

நாகர்கோவில்காரி: சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று அடி ஓரத்தை வெட்டிவிட்டார்கள். லட்சுமி நிற்கும் தாமரையிலேயே பாதி போச்சு.