கான்ட்ராஸ்ட் எக்கோ: அவசியமா, வீண் செலவா?

அண்ணாநகர்_எக்கோ: ஆன்டீரியர் எம்.ஐ. (இதய முன்சுவர் மாரடைப்பு) வந்தவருக்கு எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்டில்) ஏபெக்ஸ் (இதய நுனி) தெளிவில்லை என்றாலே கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாக ரத்தத்தில் ஏற்றும் நுண்குமிழி மருந்து) எழுதிவிடுகிறார்கள். வயல் (மருந்துக் குப்பி) காசு நோயாளியின் கைக்காசு. நன்றாக இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, மூச்சை விட்டு நிறுத்தச் சொல்லி, ஹார்மோனிக் (படத்தைத் தெளிவாக்கும் மோட்) போட்டுப் பார்த்தாலே பலருக்குத் தெரிந்துவிடும். அதைச் செய்யாமல் கான்ட்ராஸ்ட் எழுதுவது சோம்பேறித்தனம் இல்லையா?

பெரம்பூர்_கார்டியோ: அத்தனையும் செய்த பிறகும் ஏபிகல் வியூவில் (இதய நுனிப் பக்கமிருந்து எடுக்கும் படத்தில்) இதயச் சுவரின் அடுத்தடுத்த 2 செக்மெண்ட் (பகுதி) தெரியாவிட்டால்தான் கான்ட்ராஸ்ட், சார். குத்துமதிப்பாக இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 35 என்று எழுதினால் ஐ.சி.டி. (ஆபத்தான துடிப்பை ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி) வைப்பதா வேண்டாமா என்பதே மாறிவிடும். ஏபெக்ஸில் ரத்தக்கட்டி இருந்தால் குமிழி ஏறாத கறுப்புத் திட்டாக நிற்கும். வெறும் எக்கோவில் அது நழுவிப்போகும்.

அண்ணாநகர்_எக்கோ: குமிழிதானே? 9 மில்லி சலைன், 1 மில்லி காற்று, த்ரீ-வேயில் (மூவழி வால்வில்) ரெண்டு சிரிஞ்ச். செலவே இல்லை.

பெரம்பூர்_கார்டியோ: அது வேற வேலைக்கு. சலைன் குமிழி சாதாரணமாக நுரையீரலைத் தாண்டாது, அதனால்தான் பி.எஃப்.ஓ. (இதய மேலறைகளுக்கு நடுவே மூடாமல் நின்ற ஓட்டை) தேட உதவுகிறது. வலது ஏட்ரியம் (மேலறை) நிறைந்து 3 பீட்டுக்குள் இடப்பக்கம் வந்தால் இதயத்தில் ஓட்டை. தாமதித்து வந்தால் நுரையீரலில் உள்ள தவறான இணைப்பு வழி. எல்.வி. (இதயத்தின் இடது கீழறை) நிரம்ப, நுரையீரலைத் தாண்டும் சோனோவியூ (ஒரு கான்ட்ராஸ்ட் மருந்து) மாதிரி ஒன்றுதான் வேண்டும்.

வடபழனி_சோனோ: சோனோவியூ என்றால் 5 மில்லி சலைன் விட்டு 20 வினாடி பலமாகக் குலுக்கணும், பால் போல வெளுக்கும். 2 மில்லி போலஸ் (ஒரே வீச்சில் ஏற்றும் டோஸ்), பின்னால் 5 மில்லி ஃப்ளஷ் (மருந்தைத் தள்ளிவிடும் சலைன்). சும்மா வைத்தால் குமிழி மேலே ஏறிவிடும், அதனால் ஒவ்வொரு முறை எடுக்கும்முன்னும் திரும்பக் குலுக்குங்க. எம்.ஐ. (மெக்கானிக்கல் இண்டெக்ஸ், அதாவது அல்ட்ராசவுண்ட் அலையின் பலம், நோய் அல்ல!) 0.2-க்குக் கீழே. ஏபெக்ஸில் சுழல் தெரிந்தால் பீம் குமிழியை உடைக்கிறது, இல்லையென்றால் டோஸ் பற்றவில்லை. எம்.ஐ.-யைக் குறைத்து ஃபோகஸை மைட்ரல் வால்வு மட்டத்துக்கு இறக்குங்க. பேசல் பக்கம் (வால்வு இருக்கும் பக்கம்) கறுத்து நிழலடித்தால் டோஸ் அதிகம், அல்லது ஃப்ளஷ் வேகம். அப்போ இன்னும் ஏற்றாதீங்க, கொஞ்சம் பொறுங்க.

அண்ணாநகர்_எக்கோ: 2007-ல் எஃப்.டி.ஏ. (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) இந்தக் குமிழி மருந்துகளுக்குக் கறுப்புக் கட்ட எச்சரிக்கையே போட்டது, மறந்துடுச்சா?

பெரம்பூர்_கார்டியோ: 2008-லேயே அதைத் தளர்த்தியதையும் சொல்லுங்க. கடும் ரியாக்‌ஷன் சுமார் 10,000-ல் ஒருவருக்கு. பாலிஎத்திலின் கிளைக்கால் அலர்ஜி உண்டா என்று கேட்கணும், அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கணும். அயோடின் இல்லை, வாயு மூச்சோடு போய்விடும். சி.டி. கான்ட்ராஸ்ட் என்று நினைத்து கிரியேட்டினின் (சிறுநீரகச் சோதனை) ரிப்போர்ட் கேட்பதுதான் உண்மையான வீண் செலவு.

அண்ணாநகர்_எக்கோ: சரி, 2 மில்லி போட்டாச்சு. மீதி 3 மில்லியை அடுத்த பேஷண்டுக்கு?

வடபழனி_சோனோ: கூடவே கூடாது, ஒரு வயல் ஒரு நோயாளிக்குத்தான். 4-சேம்பர் வியூ (நாலு அறையும் தெரியும் படம்) முடித்து 2-சேம்பர் வியூவுக்குத் திருப்புவதற்குள் குமிழி மங்கிவிட்டால் அந்த மீதிதான் அதே ஆளுக்கு ரெண்டாவது டோஸ்.

அண்ணாநகர்_எக்கோ: மங்கவில்லை என்றால் குப்பைக்கு. பில் மட்டும் முழு வயலுக்கு. நான் சொன்னதும் அதைத்தானே.