நீல் ரோடு பாபா ஹவுஸ்: போய் வந்தவர்கள் பகிருங்கள்

கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை வைத்துப் பக்கத்தில் ஒரு குறிப்பை ஒட்டினால் அதுதான் அருங்காட்சியகம் என்று நினைப்பவர்களை ஒருமுறை சிங்கப்பூர் நீல் ரோட்டுக்கு அனுப்பி வைக்க வேண்டும். ஊட்ரம் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் 157ஆம் எண் வீடு. அதன் நீல நிறம் தூரத்திலேயே கண்ணில் படும்.

1890களில் கட்டிய பெரானாக்கான் வீடு இது. மலாய் மண்ணில் குடியேறி அந்தப் பண்பாட்டோடு கலந்த சீனர்களின் வழிவந்தவர்களைத்தான் பெரானாக்கான் என்பார்கள். கப்பல் தொழில் நடத்திய வீ பின்னின் வம்சத்தார் வாழ்ந்தது. மலாக்காவைச் சேர்ந்த துன் டான் செங் லோக்கின் மகள் ஏக்னஸ் டான் 40 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) நன்கொடை தர, அதை வைத்துச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2006இல் வீட்டை வாங்கியது. பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறையும் நகர மறுசீரமைப்பு ஆணையமும் சேர்ந்து பழுது பார்த்தன. 2008இல் திறந்தார்கள். இன்று வீட்டைக் கவனித்துக்கொள்வது பல்கலைக்கழக அருங்காட்சியகம்.

வாசலில் பிந்து பகார் என்னும் அரைக்கதவு. உள்ளே கூடம், சாமி மேடை, பொன் பூசிய மரச்செதுக்குத் தட்டி. தட்டிக்குப் பின்னால் வானம் பார்த்த முற்றம், நம் செட்டிநாட்டு வீடுகளில் இருப்பது மாதிரியே. அந்த முற்றத்தில் சற்று நேரம் நின்று சுவரை அண்ணாந்து பாருங்கள். பீங்கானை வெட்டி ஒட்டிய பூக்களும் பறவைகளும் இருக்கின்றன. கிண்ணத்தின் வளைவுதான் அப்படியே இதழின் வளைவாக அமைந்திருக்கிறது. கிண்ணத்தில் எந்த இடத்தில் வெட்டினால் எந்த இதழ் கிடைக்கும் என்று அந்தக் கைவினைஞர் யோசித்திருப்பார் பாருங்கள், அதை நினைத்து நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

மாடிப் படுக்கையறையில் தரைப்பலகையில் ஒரு சின்னத் திறப்பு. குனிந்து பார்த்தால் கீழே கூடம் தெரிகிறது. வந்திருப்பது யார் என்று வீட்டுப் பெண்கள் மேலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். எங்களுடன் வந்த ஒரு பாட்டி குனிந்து பார்த்துவிட்டு, "இது அன்றைக்கே எங்கள் வீட்டில் இருந்திருந்தால் நான் இவரைக் கட்டியிருக்கவே மாட்டேன்" என்றார். தாத்தா பக்கத்திலேயே நின்று சிரித்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. கீழே இருக்கும் இரண்டு தளங்களையும் 1928 வாக்கில் வீடு எப்படி இருந்திருக்கும் என்று ஆராய்ந்து அமைத்திருக்கிறார்கள். 'பழைய காலம்' என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவில்லை. ஒரு காலத்தைத் தீர்மானித்துவிட்டால் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒவ்வொரு விளக்குக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு பல்கலைக்கழகம் இதில் கை வைத்ததன் பலன் அங்கேதான் தெரிகிறது. மேல்தளத்தை மட்டும் கண்காட்சிகளுக்கு விட்டிருக்கிறார்கள். கலைஞர்களும் ஆய்வாளர்களும் இந்த வீட்டையும் நகரத்தையும் அவரவர் கண்ணோட்டத்தில் அங்கே காட்டலாம்.

வெளியே வந்ததும் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அப்படியே எவர்டன் ரோடு வரை நடங்கள். இப் யூ சோங் 2015இல் வரைந்த சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. துணி துவைக்கும் 'ஆமா' (வீட்டுப் பணிப்பெண்), மளிகைக்கடை, முடிதிருத்துபவர் என்று எல்லாம் ஆளுயரத்தில். பாபா ஹவுஸைப் பார்த்துவிட்டுப் போனதால் அஞ்சடியில் (வீட்டு முகப்பில் கூரையுள்ள நடைபாதையில்) பதித்த ஓடு, சன்னலுக்கு மேலே இருக்கும் காற்றுத் துளை எல்லாவற்றையும் நின்று நின்று பார்த்துக்கொண்டே போனேன். வேறு யாராவது போயிருக்கிறீர்களா?

---

பதில்:

நான் போயிருக்கிறேன். ஆனால் அதற்கு முன்பே இந்த வீட்டைக் கவனித்துக்கொள்ளும் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தை கெண்ட் ரிட்ஜ் வளாகத்தில் பார்த்துவிட்டேன். அதன் வேர் 1955இல் இருக்கிறது. அப்போது அது மலாயாப் பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகம். சீனக் கலை அறிஞர் மைக்கேல் சல்லிவன்தான் பொறுப்பாளர். மாணவர்களுக்குக் கண்ணெதிரே பொருளை வைத்துப் பாடம் நடத்த வேண்டும் என்று சீன, இந்திய, தென்கிழக்காசியப் பொருள்களைச் சேர்த்தார்கள். பிறகு பல்கலைக்கழகம் இரண்டாகப் பிரிந்தபோது அந்தச் சேகரிப்பும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பங்கு பிரிந்தது. சிற்பி இங் எங் டெங்கின் படைப்புகளுக்கு அங்கே தனிப் பகுதியே உண்டு, தவறவிடாதீர்கள். அப்புறம் ஒன்று, பாபா ஹவுஸுக்கு முன்பதிவு செய்யாமல் கிளம்பிவிடாதீர்கள்.

---

பதில்:

இதைப் படித்ததும் எனக்குச் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் ஞாபகம்தான் வந்தது. என் தாத்தா அங்கே செட்டியார்களின் கிட்டங்கி ஒன்றில் அடுத்தாளாக (உதவியாளராக) இருந்தவர். நீளமான ஒரே கூடம், அதில் பல வட்டிக்கடைகள். ஆளுக்கொரு பெட்டி, சாய்வு மேசை, தரையில் உட்கார்ந்து கணக்கு. பகலில் கடன் கொடுத்த அதே இடத்தில் ராத்திரி பாயை விரித்துப் படுப்பார்கள் என்று சொல்வார். நகரச் சீரமைப்பில் அந்தக் கட்டடங்கள் எல்லாம் போய்விட்டன. இப்போது அங்கே அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் அலுவலகங்கள்தான்.

செட்டியார்கள் 1859இல் கட்டிய தெண்டாயுதபாணி கோயில் டேங்க் ரோட்டில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு முந்தின நாள் அங்கிருந்து புறப்படும் வெள்ளி ரதம் கியோங் சைக் ரோட்டில் உள்ள லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குத்தான் போகிறது. பாபா ஹவுஸிலிருந்து அது நடை தூரம். நீல் ரோட்டில் ஒரு சீனக் குடும்பத்தின் வீட்டுக்குச் செய்ததைக் கிட்டங்கிக்கு இனிமேல் செய்ய முடியாது, கட்டடமே இல்லை. ஆனால் அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள், பேரேடுகள் இருக்கின்றன. கட்டடக்கலை மாணவர்கள் மனது வைத்தால் ஒரு கூடத்தையாவது படமாக வரைந்துவிடலாம். தாத்தாவுக்கு வந்த கடித உறைகளில் கிட்டங்கியின் கதவு எண் இருக்கிறது, ஒரு நோட்டுப் புத்தகமும் என்னிடம் உண்டு. அப்படி யாராவது முயற்சி எடுத்தால் தனிச்செய்தி அனுப்புங்கள், எல்லாவற்றையும் படியெடுத்துத் தருகிறேன்.