வேலூர்ச் சிப்பாய், 1806: நெற்றியில் நாமம் இருக்கலாமா?

கேள்வி:
28 மி.மீ. அளவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைச் சிப்பாய் பொம்மைகள் பன்னிரண்டுக்கு வண்ணம் தீட்டி, 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் மூண்ட கிளர்ச்சியைக் காட்சியாக அமைத்து வருகிறேன். ஐவருக்கு நாமமும் விபூதியும் இட்டு, மூவருக்குத் தாடியும் கடுக்கனும் வைத்து முடித்த பிறகுதான், அவற்றைத் தடைசெய்த ஆணையே கிளர்ச்சிக்கு ஒரு காரணம் என்பது உறைத்தது. அனைத்தையும் அழித்துவிட வேண்டுமா? தலைப்பாகை எப்படி இருக்க வேண்டும்?

மறுமொழி 1:
அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். நெற்றிக்குறியும் கடுக்கனும் சீருடையில் இருக்கும்போது கூடாது என்றும், அணிவகுப்பிலும் பணியிலும் மோவாய் மழிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும், மீசைகூட இயன்றவரை ஒரே வடிவில் இருக்க வேண்டும் என்றும்தான் ஆணை கூறியது. கிளர்ச்சி தொடங்கியதோ விடியலுக்கு முந்தைய இருட்டில். நாமத்தை ஒரு நொடியில் இட்டுக்கொள்ளலாம், கடுக்கனையும் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் தாடி ஓரிரவில் வளராது. ஆகவே காவல் பணியில் நிற்பவரின் நெற்றியை வெறுமையாக்கி, படுக்கையிலிருந்து எழுந்து வருபவருக்கு நாமத்தை அப்படியே வைத்துவிட்டு, மூன்று தாடிகளை மட்டும் எடுத்துவிடுவதே பொருத்தம் என்பது என் கருத்து. மழித்த மோவாயும் அதற்கு மேல் புதிதாக இட்ட நாமமும் ஒரே முகத்தில் இருந்தால் அந்த ஆண்டின் கதை முழுவதும் அதில் தெரியும்.

மறுமொழி 2:
தலைப்பாகையில்தான் பலர் தவறுகிறார்கள். 1805 நவம்பரில் ஆணையிடப்பட்ட புதிய வகை, ஐரோப்பியரின் வட்டத் தொப்பியை நினைவூட்டும் வடிவமும் தோல் இலச்சினையும் கொண்டது. 1806 மே மாதம் வேலூரிலேயே 4ஆம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாலியன் அதை அணிய மறுத்தது. ஜூலையில் கோட்டையில் இருந்தவை 1ஆம் ரெஜிமெண்டின் இரு பட்டாலியன்களும் 23ஆம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாலியனும் ஆகும். ஒரே தலைப்பாகையைப் பன்னிரண்டு பேருக்கும் வைப்பதைவிடப் பழையதையும் புதியதையும் கலந்து வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. காலடியில் ஒன்றை மிதித்துக் கிடத்துவது மட்டும் நாடகத்தனமாகிவிடும்.

மார்பில் தொங்கும் திருகுளியை விட்டுவிடாதீர்கள். துப்பாக்கியின் திருகாணிகளைக் கழற்றுவதற்கான அந்தச் சிறு கருவி சிலுவை வடிவில் இருந்ததால், மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்ற ஐயத்தை வளர்த்தது. இந்த அளவில் அது தூரிகை நுனியால் இடும் இரண்டு கோடுகள்தான்.

மறுமொழி 3:
உருவங்களை எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தீர்கள்? 1857ஆம் ஆண்டுச் சிப்பாய்களையே தலை மாற்றி 1806 ஆக்கும் வழக்கம் உண்டு. அவர்களுடைய நீண்ட காற்சட்டையை முதலில் பாருங்கள். கம்பெனிப் பாணி ஓவியங்களில் (கம்பெனிக்கால ஐரோப்பியருக்காக இந்திய ஓவியர்கள் வரைந்தவை) அக்காலச் சென்னைச் சிப்பாய்கள் தொடை தெரியும் வெள்ளை அரைக்காற்சட்டையில் நிற்கிறார்கள். அவ்வோவியர்கள் ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்ப வரைந்ததால் ஆண்டைக் கணிக்க அவை உதவா, உடையின் வெட்டுமுறையையும் நிறத்தையும் அறிய உதவும். துப்பாக்கியில் மருந்தைப் பற்றவைக்கும் விசையையும் பாருங்கள்: சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் தாடை இல்லையென்றால் அது பிற்காலத்தது.

கேள்வி கேட்டவர்:
விசையில் கல் இருக்கிறது. காற்சட்டைதான் நீளம், முழங்காலுக்கு மேல் அரத்தால் தேய்த்து, கால்களுக்குத் தோல் நிறம் பூசத் தொடங்கிவிட்டேன்.