புதுப்பிப்பு: பாதியில் நின்ற சன்ரூஃப் மூடுகிறது

முதலில் எழுதியது இதுதான்: பழைய செடான் கார், சன்ரூஃப் (கூரையில் திறந்து மூடும் கண்ணாடி) பாதி திறந்தபடி நின்றுவிட்டது, சுவிட்சை அழுத்தினால் மோட்டார் முனகும், கண்ணாடி நகராது. மோட்டாரை மாற்றச் சொல்லிப் பலர் எழுதியிருந்தீர்கள்.

மோட்டாரில் குறை இல்லை. உள்விளக்கு மூடியைக் கழற்றி, மோட்டார் தண்டிலுள்ள அறுகோணக் குழியில் ஆலன் கீ போட்டுக் கையால் மெல்லத் திருப்பினேன். இடப்பக்கம் நகர்ந்தது, வலப்பக்கம் அசையவே இல்லை, கண்ணாடி கோணியது. அங்கேயே நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் முறுக்கினால் கண்ணாடியை இழுக்கும் கேபிளோ பிளாஸ்டிக் ஸ்லைடரோ போய்விடும்.

கண்ணாடி நகரும் வலது தண்டவாளத்தில் பழைய கிரீஸும் தூசியும் சேர்ந்து களிம்பாக இறுகியிருந்தன. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பழைய பல்துலக்கி, நிறையப் பொறுமை. சுத்தமானதும் சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாக. துரு நீக்கும் ஸ்பிரே தயவுசெய்து வேண்டாம், கொஞ்ச நாளில் காய்ந்து மறுபடி தூசியைப் பிடிக்கும். பெட்ரோலிய கிரீஸ் ரப்பர் சீலை உப்பவைக்கும்.

மூடியபின் சுவிட்சைப் பிடித்தே வைத்திருந்து கண்ணாடி எங்கே நிற்க வேண்டும் என்ற எல்லையை மோட்டாருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. இது காருக்குக் கார் மாறும், கையேட்டைப் பாருங்கள்.

அப்புறம் சன்ரூஃபில் இறங்கும் மழைநீரை வெளியேற்றும் வடிகால். முன்மூலைத் துளைகளில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன், வலப்பக்கம் மெதுவாகத்தான் இறங்கியது. புல்வெட்டியின் நைலான் நரம்பை நுழைத்ததும் சரியானது. காற்றழுத்தம் கொடுத்தால் உள்ளே குழாய் கழன்றுவிடலாம்.

வேகத்தில் இன்னும் லேசாகக் காற்றுச் சத்தம் வருகிறது. கண்ணாடியின் முன்விளிம்பு கூரையைவிடத் துளி உயர்ந்திருக்கிறது, பக்கத் திருகுகளைத் தளர்த்தி அதை இறக்க வேண்டும்.