ஃபியூஸ் போன கதைகள்: பிக்கப் வைத்திருப்பவர்கள் தங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

பழையபிக்கப் எழுதியது:

போன வாரம் பொழுது சாய்ந்த பிறகு வண்டியை எடுத்தேன். பின்னால் வந்தவர் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தார். ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால் பின்விளக்கு இரண்டும் எரியவில்லை, நம்பர் பிளேட் விளக்கும் எரியவில்லை. பிரேக்கை மிதித்தால் சிவப்பு வருகிறது, இண்டிகேட்டர் வேலை செய்கிறது, முன்விளக்கும் எரிகிறது. இத்தனை பல்புகள் ஒரே நேரத்தில் சொல்லிவைத்தாற்போல் போகாது, ஃபியூஸ்தான் என்று அங்கேயே முடிவு கட்டினேன். அந்த முடிவு சரி. அதற்குப் பிறகு நான் செய்தது எதுவும் சரியில்லை.

டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு ஃபியூஸ் பெட்டி இருப்பது தெரியும். முதுகை வளைத்து, தலையைப் பெடலுக்குப் பக்கத்தில் கொடுத்து, கைப்பேசி விளக்கைப் பல்லில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். முப்பதுக்கு மேல் இருக்கும். நடுவில் அவசரப்பட்டு மூன்றைச் சேர்த்துப் பிடுங்கி, எது எந்த இடம் என்று மறந்து, ஒரு உத்தேசமாகத் திரும்பச் செருகினேன். எல்லாம் நன்றாகவே தெரிந்தன. கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

பிறகுதான் வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் படித்தேன். பானட்டுக்குள் பேட்டரிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி இருக்கிறதாம். இத்தனை வருடமாக அதை வேறு ஏதோ என்று நினைத்திருந்தேன். மூடியின் உட்புறத்திலேயே வரைபடம் இருந்தது. பார்க்கிங் விளக்குக்கு உரிய 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன். உள்ளே கம்பி முழுசாகத்தான் இருந்தது. திரும்பச் செருகிவிட்டுப் படுக்கப் போய்விட்டேன்.

காலையில் மனம் கேட்காமல், மின்சாரம் போக வழி இருந்தால் சத்தம் போடும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் சத்தமே வரவில்லை. வெயிலில் வானத்துக்கு எதிரே பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கம்பி வளைந்து காலோடு சேரும் இடத்தில் தலைமுடி விழுந்தது போல ஒரு கோடு. முடி என்று நினைத்து ஊதிக்கூடப் பார்த்தேன். புதிது போட்டதும் விளக்குகள் எரிந்தன. இரண்டு நாள்தான். மறுபடியும் போய்விட்டது. இந்த முறை உள்ளே கறுத்துப் போயிருக்கிறது.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். எங்கே போய்த் தேடுவது என்றும் சொல்லுங்கள்.

ஸ்பேனர்14 எழுதியது:

கண்ணால் பார்த்து ஃபியூஸைத் தீர்மானிக்கிற பழக்கத்தை நான் பல வருடங்களுக்கு முன்பே விட்டுவிட்டேன். உங்களைப் போலவே ஏமாந்த பிறகுதான்.

பிடுங்கவே வேண்டாம். தட்டை ஃபியூஸின் முதுகை உற்றுப் பாருங்கள், இரண்டு ஓரத்திலும் உலோகம் சின்னப் புள்ளியாகத் தெரியும். பன்னிரண்டு வோல்ட் டெஸ்ட் லேம்பின் (ஒரு பக்கம் கூர்முனை, மறுபக்கம் கவ்வி வைத்த வயர், நடுவே சின்ன பல்பு) கவ்வியை வண்டியின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்டுங்கள். முதலில் பேட்டரியின் பாசிட்டிவில் முனையை வைத்து லேம்ப் எரிகிறதா என்று பாருங்கள். எர்த், அதாவது அந்தக் கவ்வியின் பிடிப்பு, சரியில்லாமல் வண்டியிலுள்ள எல்லா ஃபியூஸும் போய்விட்டதாக முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு சாவியைத் திருப்பி, எது வேலை செய்யவில்லையோ அதன் சுவிட்சைப் போட்டுவிட்டு, இரண்டு புள்ளியிலும் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நலம். ஒன்றில் எரிந்து மற்றதில் எரியாவிட்டால் போய்விட்டது. இரண்டிலும் எரியவில்லையா? அப்போது ஃபியூஸின் மேல் பழி போடாதீர்கள். அதற்கு மின்சாரமே வரவில்லை, ரிலேயையோ (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச் அது) சுவிட்சையோ பாருங்கள். ஒரு பெட்டி முழுவதையும் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது, இடம் மாறிப்போகும் தொல்லையும் இல்லை.

நீங்கள் எழுதியதில் எனக்குப் பயனுள்ளது கடைசி வரிதான். முதல் ஃபியூஸில் முடி போலக் கோடு, இரண்டாவதில் கரி. கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகி அலுத்துப்போன ஃபியூஸ் பெரும்பாலும் சத்தமில்லாமல் விட்டுக்கொடுக்கும். உள்ளே கறுத்து உலோகம் தெறித்திருந்தால் ஒரே அடியில் பெரும் மின்னோட்டம் பாய்ந்திருக்கிறது. உறை போன வயர் எங்கோ வண்டியின் உடலைத் தொடுகிறது. மூன்றாவது ஃபியூஸை இப்போது போடாதீர்கள்.

டிரெய்லர்இழுப்பவன் எழுதியது:

எனக்கு நடந்தது வேறு மாதிரி. டிரெய்லரை மாட்டிக்கொண்டு வழியில் ஓர் இடத்தில் நிறுத்தினேன். அரை மணி நேரம் கழித்து வண்டியைக் கிளப்பினால் என்ஜின் ஓடுகிறது, கியர் பார்க்கிலிருந்து நகர மறுக்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டி. கியர்பாக்ஸ் போய்விட்டது என்று நினைத்து வயிறு கலங்கிவிட்டது. இழுத்துப்போகும் வண்டிக்குச் சொல்லியும் விட்டேன்.

அதை ஓட்டி வந்த பெரியவர் இறங்கியதும் வண்டியைத் தொடவில்லை. "தம்பி, பிரேக்கை மிதியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றார். "பிரேக் விளக்கு எரியவில்லையே, கவனித்தீர்களா?" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. கியர் போகவில்லை என்றால் இவர் விளக்கைப் பற்றிப் பேசுகிறாரே!

விஷயம் இதுதான். பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பிரேக்கை மிதித்திருக்கிறோம் என்ற செய்தி போய்ச் சேர்ந்தால்தான் கியர் லீவரின் பூட்டு திறக்கும். அந்தச் செய்தியும் பிரேக் விளக்கும் ஒரே ஃபியூஸிலிருந்து போகிற வண்டி என்னுடையது. ஃபியூஸ் போனதும் இரண்டும் போய்விட்டன. லீவருக்குப் பக்கத்தில் இருந்த சிறிய மூடியைப் பெரியவர் பெயர்த்து, உள்ளே சாவியை விட்டு அழுத்திக்கொண்டே லீவரை நகர்த்திக் காட்டினார். உங்கள் வண்டியில் அந்த மூடி எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபியூஸ் போனதற்குக் காரணம் டிரெய்லர் பிளக். தரையில் உரசி வயரின் உறை தேய்ந்து, செம்பு வெளியே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. டிரெய்லரை இழுப்பவர்கள் ஃபியூஸ் போனால் முதலில் அந்தப் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். கழற்றியதும் புது ஃபியூஸ் தாங்கினால் கோளாறு உங்கள் வண்டியில் இல்லை, பின்னால் வருவதில் இருக்கிறது.

சில்லறை எழுதியது:

என் கதை இரண்டு வரிக்குமேல் தேறாது. என்ஜின் எச்சரிக்கை விளக்கு வந்ததென்று கோளாறு காட்டும் ஸ்கேனர் கருவி ஒன்று வாங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் உயிரே வரவில்லை. மட்டமான கருவி என்று திட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்து வேறொன்று வாங்கினேன், அதுவும் அப்படியே. கடைசியில் பார்த்தால் அந்தச் செருகிக்கும் லைட்டர் சாக்கெட்டுக்கும் ஒரே ஃபியூஸ். லைட்டர் சாக்கெட்டின் அடியில் ஒரு நாணயம் கிடந்தது. என் பெயரை இதற்குப் பிறகுதான் இப்படி வைத்துக்கொண்டேன்.

மேல்விளக்கு எழுதியது:

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன்.

வண்டிக் கூரையில் 55 வாட் விளக்கு இரண்டு மாட்டினேன். தனி ஃபியூஸ், தனி ரிலே எல்லாம் எதற்கு என்று, உள்ளே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு வயரிலிருந்தே மின்சாரம் எடுத்தேன். அதற்கு 15 ஆம்பியர் நீல ஃபியூஸ். இரண்டு விளக்குக்கு மட்டும் ஒன்பது ஆம்பியருக்கு மேல் போகும், அந்த வயரில் ஏற்கெனவே இருந்த சுமை வேறு. அடிக்கடி ஃபியூஸ் போனது. மூன்றாவது முறை பொறுமை இழந்து 30 ஆம்பியர் பச்சையைச் செருகினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அதற்குப் பிறகு ஃபியூஸ் போகவே இல்லை.

ஒரு மாதம் கழித்து வண்டிக்குள் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தால் முழ நீளத்துக்கு வயரின் உறை உருகிப் பக்கத்து வயர்களோடு ஒட்டிக் கிடந்தது. பேட்டரி கேபிளைக் கழற்றும்வரை கை நடுங்கியது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்களே, ஃபியூஸ்தான் அந்தத் தலைப்பாகை. நான் அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தலையை நீட்டியிருக்கிறேன். வயரின் பருமனைப் பார்த்துத்தான் ஃபியூஸின் அளவை வைத்திருக்கிறார்கள். பெரியதைப் போட்டால் வயரே ஃபியூஸாகிவிடுகிறது.

இப்போது அந்த விளக்குகளுக்குப் பேட்டரியிலிருந்தே தனி வயர், பேட்டரிக்கு அருகிலேயே தனி ஃபியூஸ், ஒரு ரிலே. முதலிலேயே செய்திருந்தால் ஒரு பிற்பகல் வேலை.

வெப்பக்காற்று எழுதியது:

ஃபியூஸ் போகாமலே வந்த தொல்லையையும் பதிவு செய்ய வேண்டும். ஏ.சி. விசிறி திடீர் திடீரென்று நிற்கும், பள்ளத்தில் வண்டி குலுங்கினால் திரும்ப ஓடும். ஸ்பேனர்14 சொன்ன மாதிரி டெஸ்ட் லேம்ப் வைத்தால் இரண்டு புள்ளியிலும் எரிகிறது. ஆனால் பிடுங்கப் போனால் ஃபியூஸ் வரவில்லை. பெட்டி மூடிக்குள்ளேயே இருக்கும் பிளாஸ்டிக் இடுக்கியால் ஆட்டி ஆட்டி எடுத்தேன். பச்சை பிளாஸ்டிக்கின் ஒரு கால் பக்கம் மட்டும் பழுப்பாகிக் குழைந்திருந்தது. அது உட்கார்ந்திருந்த குழியும் உருகி வாய் கோணிக் கிடந்தது.

குழிக்குள் இருக்கும் கவ்வி தளர்ந்து பிடிப்பு விட்டுப்போனால் அந்த இடத்தில் சூடு ஏறுகிறது. மின்னோட்டம் அளவுக்கு மேல் போவதில்லை, அதனால் ஃபியூஸ் அதைக் கண்டுகொள்வதில்லை. சூடு கவ்வியை இன்னும் தளர்த்துகிறது, தளர்ச்சி இன்னும் சூட்டை ஏற்றுகிறது. என் வண்டியில் விசிறி மோட்டாரின் பேரிங்கும் வறண்டு போய், மோட்டார் வழக்கத்தைவிட அதிகம் இழுத்துக்கொண்டிருந்தது. மோட்டாரையும் அந்தக் கவ்வியையும் சேர்த்து மாற்றிய பிறகுதான் நிம்மதி. புது ஃபியூஸை மட்டும் போட்டிருந்தால் அதே குழியில் அதுவும் வெந்திருக்கும்.

ஸ்பேனர்14 எழுதியது:

பழையபிக்கப்புக்கு. ஃபியூஸாகப் போட்டுப் போட்டு எரிக்காமல் ஷார்ட்டை, அதாவது வயர் வண்டியின் உடலைத் தொடும் இடத்தை, தேடுவதற்கு ஒரு வழி இருக்கிறது. முன்விளக்கின் 55 வாட் பல்பு ஒன்றை எடுத்து, அதில் இரண்டு வயரை இணைத்து, ஃபியூஸ் இருந்த குழியின் இரண்டு பக்கமும் உறுதியாகச் செருகுங்கள். பல்பு கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி எதையும் வைக்காதீர்கள், கொதிக்கும். பார்க்கிங் விளக்கின் சுவிட்சைப் போடுங்கள். வயரிங் சரியாக இருந்தால் அந்தப் பல்பு மங்கலாக எரியும். ஷார்ட் இருந்தால் முழு வெளிச்சத்தில் எரியும். எவ்வளவு நேரம் எரிந்தாலும் ஐந்து ஆம்பியருக்குள்தான் போகும் என்பதால் வயர் கருகாது. ஒருவர் பல்பைப் பார்த்துக்கொண்டு நிற்க, நீங்கள் பின்பக்கம் போய் வயர் கட்டை ஒவ்வோர் அடியாக ஆட்டுங்கள். உரசுகிற இடம், வளைகிற இடம், போல்ட்டுக்கு அருகே போகிற இடம் முதலில்.

பழையபிக்கப் எழுதியது:

கிடைத்துவிட்டது.

பல்பை மாட்டி, மகளை முன்னால் நிறுத்தினேன். மங்கலாகத்தான் எரிந்தது. அதாவது அந்த நேரத்தில் ஷார்ட் இல்லை. வண்டிக்கு அடியில் படுத்து வயர் கட்டை முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஆட்டினேன். "ஒன்றுமில்லை அப்பா, ஒன்றுமில்லை அப்பா" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பின்விளக்குகளைக் கழற்றினேன், பிளக்குகளை இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் போனது. சலித்துப்போய், தொட்டிக்குள் வைத்த ஸ்பேனர் பெட்டியை எடுப்பதற்காகப் பின் பம்பரில் கால் வைத்து ஏறினேன்.

"அப்பா! பளிச்சென்று எரிகிறது!"

இறங்கினேன், மங்கியது. ஏறினேன், எரிந்தது. நாலைந்து முறை வேண்டுமென்றே ஏறி இறங்கினேன். அவளுக்கு ஒரே சிரிப்பு.

நம்பர் பிளேட் விளக்குக்குப் போகும் வயர் பம்பருக்கும் அதைத் தாங்கும் இரும்புக்கும் நடுவே போகிறது. பிடிப்பு கிளிப் எப்போதோ உடைந்து, வயர் அந்த இரும்பின் விளிம்பில் சரிந்து கிடந்தது. ஆள் ஏறினால் பம்பர் எள்ளளவு தாழ்கிறது, அப்போது மட்டும் வயர் நசுங்குகிறது. உறையில் கடுகளவு ஓட்டை, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. சும்மா ஓட்டும்போது ஒன்றும் ஆகாமல், சரக்கு ஏற்றிய அன்றைக்கு மட்டும் ஃபியூஸ் ஏன் போனது என்பதும் விளங்கியது.

பச்சை பூத்த பகுதியை வெட்டி எறிந்து, புது வயர்த் துண்டைப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயைப் போர்த்தி, அதன்மேல் நெளிகுழாய் போட்டு, விளிம்பிலிருந்து தள்ளிக் கட்டிவிட்டேன். மறுபடியும் 10 ஆம்பியர் சிவப்பு. நேற்று முழுவதும் சரக்கு ஏற்றி இறக்கினேன், விளக்கு எரிகிறது.

ஸ்பேனர்14 எழுதியது:

நல்லது. ஆனால் முதல் நாள் உள்ளே மூன்று ஃபியூஸைச் சேர்த்துப் பிடுங்கி உத்தேசமாகச் செருகினேன் என்று எழுதியிருந்தீர்களே? மேல்விளக்கு சொன்னதைப் படித்தீர்கள் அல்லவா? ஒரே அளவுக் கால் உள்ள ஃபியூஸ் எந்தக் குழியிலும் உட்காரும், பெட்டி உங்களைத் தடுக்காது.

பழையபிக்கப் எழுதியது:

இப்போதுதான் கையேட்டோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ரேடியோவின் 10 இருக்க வேண்டிய இடத்தில் 20 ஆம்பியர் மஞ்சள், லைட்டர் சாக்கெட்டின் 20 இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு. மூன்றாவது தானாகவே சரியான இடத்தில் இருந்தது. மாற்றிவிட்டேன். கழுத்து மறுபடியும் பிடித்துக்கொண்டது.