குடும்பமாகச் செய்த கைவேலைகளில் உங்கள் வீட்டில் தங்கியது எது?

விடுமுறை வந்துவிட்டால் எங்கள் வீட்டு மேசை கலர் பேப்பருக்கு அடியில் காணாமல் போய்விடும். செய்கிற அன்றைக்கு எல்லாமே அழகுதான். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் பாதி உரிந்து தொங்கும், மீதி அலமாரி மேல் தூசி படிந்து கிடக்கும். ஒன்றிரண்டு மட்டும் வருடக்கணக்கில் அப்படியே இருக்கின்றன. அப்படி உங்கள் வீட்டில் தங்கியது எது, ஏன் தங்கியது என்று எழுதுங்களேன். செய்முறைகளுக்குப் பஞ்சமில்லை. செய்து வைத்துப் பார்த்தவர்கள் சொல்வதுதான் கிடைப்பதில்லை.

முதலில் என்னுடையது. கூடத்து விளக்குக்குப் பக்கத்தில் ஒரு காகித உருண்டை தொங்குகிறது. சொனோபே என்ற ஜப்பானிய மடிப்பு முறை. சதுரத் தாளை மடித்து ஒரு சின்னத் துண்டு செய்ய வேண்டும். அந்தத் துண்டில் இரண்டு முனைகளும் இரண்டு பைகளும் இருக்கும். ஒன்றின் முனையை இன்னொன்றின் பைக்குள் செருகிக்கொண்டே போனால் உருவம் வந்துவிடும், பசையே வேண்டாம். 6 துண்டில் ஒரு கனசதுரம், 12 துண்டில் கூர்முனைகள் கொண்ட ஒரு நட்சத்திரம், 30 துண்டில் பெரிய உருண்டை. ஏ4 தாளில் 7 செ.மீ. சதுரம் 12 வெட்டலாம் என்பதால் பெரிய உருண்டைக்கே மூன்று தாள் போதும். சாதாரணப் பிரின்டர் தாள் நன்றாக மடிகிறது. தடித்த சார்ட் பேப்பர் வேண்டாம், மடிப்பில் வெடிக்கும்.

இது எங்களுக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் வேலை தானாகவே பிரிந்துகொள்வதுதான். சின்னவன் முதல் இரண்டு மடிப்பு, பெரியவள் மீதி மடிப்பு, பொருத்துவது அவர்கள் அப்பா. கடைசி மூன்று துண்டுகள் மட்டும் படுத்தி எடுக்கும். அந்த நேரத்தில் துணி மாட்டும் கிளிப்பால் ஏற்கெனவே பொருத்தியதைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தொங்கவிடும் நூலையும் மூடுவதற்கு முன்பே உள்ளே முடிச்சுப் போட்டு விட்டுவிட வேண்டும்.

* * *

உரிந்து தொங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. நான் குழந்தைகளுக்குக் கைவேலை வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் வரும் புகாரில் பெரும்பகுதி பசையைப் பற்றியதுதான். எந்தப் பசை எதற்கு என்று தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

வெள்ளைப் பசை அதிலுள்ள நீர் போனால்தான் இறுகும். காகிதம், அட்டை, மரம், துணி எல்லாம் நீரை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் பிடிக்கும். கண்ணாடியோடு பிளாஸ்டிக்கை வெள்ளைப் பசையால் ஒட்டினால் நீர் போக வழியில்லை. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், எடுத்தால் கையோடு வரும். மெல்லிய தாளுக்கும் வெள்ளைப் பசை சரிவராது, சுருங்கிவிடும். அதற்குப் பசைக்குச்சிதான் நல்லது. வெள்ளைப் பசைதான் இருக்கிறது என்றால் பழைய ஏடிஎம் கார்டு மாதிரி ஏதாவது ஒன்றால் மெல்லிசாக இழுத்துத் தடவி, ஒட்டிய பிறகு கனமான புத்தகங்களுக்கு அடியில் இரவு முழுக்க வைத்துவிடுங்கள்.

க்ளூ கன், அதாவது பசையைச் சூட்டில் உருக்கிவிடும் துப்பாக்கி, எதிலும் ஒட்டும், சீக்கிரம் ஒட்டும், அதனாலேயே எல்லோரும் அதைத் தூக்குகிறார்கள். ஆனால் வழவழப்பான பரப்பிலிருந்து அது பெயர்ந்து வரும், வெயில்படும் ஜன்னலில் இளகவும் செய்யும். துப்பாக்கியின் முனை 190 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். குறைந்த சூட்டில் வேலை செய்யும் வகையும் இருக்கிறது, அது சுமார் 120 டிகிரி. அதுவும் தோலைச் சுடும்தான். சின்னக் குழந்தைகள் இருக்கிற மேசையில் நான் இரண்டையுமே எடுப்பதில்லை.

அட்டைப்பெட்டியை வளைப்பவர்களுக்கு இன்னொன்று. வெட்டுவாயில் பார்த்தால் உள்ளே அலை அலையாகக் கோடுகள் ஓடும். அந்தக் கோடுகள் ஓடும் திசைக்கு இணையாக மடித்தால் சொன்னபடி மடியும், குறுக்கே மடித்தால் கசங்கும். குறுக்கேதான் மடித்தாக வேண்டும் என்றால் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்தமாக ஒரு கோடு இழுத்துவிட்டு மடியுங்கள்.

* * *

கைவேலை என்றாலே எங்கள் மகள் எழுந்து போய்விடுவாள். "எனக்கு வெட்ட வராது" என்பாள். அவள் வெட்டினால் தாள் இரண்டு அலகுக்கு நடுவே மடங்கிக்கொள்ளும், கோட்டை விட்டு எங்கோ போகும். அவள் வகுப்பிலும் "நிதானமாக வெட்டு, கவனமாக வெட்டு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் பெரியம்மா ஒரு நாள் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, "குழந்தை இடதுகைக்காரி, கத்தரிக்கோல் வலதுகைக்காரனுடையது. பாவம், அவள் என்ன செய்வாள்?" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். வலதுகைக் கத்தரிக்கோலை வலது கையில் பிடித்து அழுத்தும்போது விரல்களின் இயல்பான அசைவே இரண்டு அலகுகளையும் நெருக்கிச் சேர்க்கிறது. அதையே இடது கையில் பிடித்தால் அதே அசைவு அலகுகளை விலக்குகிறது. தாள் நடுவில் மாட்டிக்கொள்ளும். போதாததற்கு மேல் அலகு கோட்டை மறைத்துக்கொண்டு நிற்கும், எங்கே வெட்டுகிறோம் என்றே தெரியாது. கைப்பிடி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது என்று "இரு கைக்கும்" என விற்கிறார்களே, அதில் பெரும்பாலும் கைப்பிடிதான் மாறியிருக்கும், அலகு மாறியிருக்காது. அலகுகளே இடம் மாறியிருக்கும் உண்மையான இடதுகைக் கத்தரிக்கோலைப் பார்த்து வாங்க வேண்டும்.

வாங்கிக் கொடுத்தோம். அவள் அறைக்கதவு முழுக்க இப்போது வெட்டுச் சித்திரங்கள். தாளை மூன்றாக விசிறி மடித்து ஆறு முனைப் பனித்துகள் வெட்டுவதில் வீட்டில் அவளை மிஞ்ச ஆளில்லை. நான் வெட்டியதைப் பார்த்து "அப்பா, நிதானமாக வெட்டுங்கள்" என்று சொல்வாள். கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

* * *

பேரப்பிள்ளைகளோடு நான் செய்வது பூ அழுத்துவது மட்டும்தான். கத்தியும் சூடும் வேண்டாம், உட்கார்ந்த இடத்தில் செய்யலாம்.

தட்டையான, மெல்லிய இதழுள்ள பூக்களும் சின்ன இலைகளும் நன்றாக வரும். சதைப்பற்றுள்ள பூவை அப்படியே வைத்தால் பூசணம் பிடிக்கும். இதழ் இதழாகப் பிரித்து வையுங்கள். பனி உலர்ந்த பிறகு பறிக்க வேண்டும். மையொற்றும் தாள் இரண்டுக்கு நடுவே பரப்பி, தடித்த புத்தகத்துக்குள் வைத்து, அதன் மேல் இன்னும் நாலு புத்தகம். இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரம் ஒற்றுத் தாளை ஒருமுறை மாற்றினால் நிறம் நன்றாக நிற்கும். பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்புதான் கஷ்டம், தினமும் திறந்து பார்க்கச் சொல்லி நச்சரிப்பார்கள். புத்தகத்தின் மேல் திறக்கும் தேதியை அவர்கள் கையாலேயே எழுதி ஒட்டச் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு அவர்களே காவல்.

சட்டம் போட்டு மாட்டும்போது நேரடி வெயில் படாத சுவராகப் பாருங்கள். வெயிலில் இருந்தால் நிறம் வெளுத்துப்போகும். சிவப்பு பல பூக்களில் எப்படியும் பழுப்பாகத்தான் மாறும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

வயதாகிவிட்டது, இனிமேல் என்ன கைவேலை என்று நினைப்பவர்களுக்காக ஒரு பெயர்: மேரி டெலானி. 1700இல் பிறந்த ஆங்கிலேயப் பெண்மணி. வண்ணத்தாளைத் துளித் துளியாக வெட்டிக் கறுப்புத் தாளில் ஒட்டிப் பூக்களை உருவாக்கும் வேலையை 72 வயதில் ஆரம்பித்தார். கண்பார்வை மங்கும் வரை பத்து வருடத்தில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான பூக்களைச் செய்திருக்கிறார். அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. படத்தில் பார்த்தால் காகிதம் என்றே சொல்ல மாட்டீர்கள்.

* * *

அலங்காரம் எல்லாம் சரி, தவழும் குழந்தையும் நாயும் இருக்கிற வீட்டுக்காரனாக நான் கொஞ்சம் பயமுறுத்திவிட்டுப் போகிறேன்.

உப்பு மாவு பொம்மை பலரும் செய்வது. 2 பங்கு மைதா, 1 பங்கு பொடியுப்பு, 1 பங்குக்குச் சற்றுக் குறைவான தண்ணீர். பிசைந்து, மெல்லிசாகத் தட்டி, வடிவம் வெட்டி, ஓவனில் 100 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்தினால் கல் மாதிரி ஆகும். தொங்கவிட ஓட்டை வேண்டுமென்றால் ஈரமாக இருக்கும்போதே போட வேண்டும். பெயின்ட் அடித்த பிறகு முன்னும் பின்னும் வார்னிஷ் பூசாவிட்டால் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி நெகிழ்ந்துவிடும். எல்லாம் நல்லதுதான். ஆனால் நாய் அதைத் தின்றால் அவ்வளவு உப்பும் அதன் உடம்பில் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். எங்கள் வீட்டில் அவை நாய்க்கு எட்டாத உயரத்தில்தான்.

அப்புறம் பாசிமணி, பொத்தான், பொம்மைக்கு ஒட்டும் கண். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளில் சின்னப் பாகங்கள் தொண்டையில் அடைக்குமா என்று சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். வீட்டில் டாய்லெட் பேப்பர் சுற்றி வரும் அட்டைக் குழாயை வைத்துக்கொள்ளுங்கள், அது இன்னும் கொஞ்சம் அகலம். அதற்குள் போகும் எதுவும் குழந்தை இருக்கிற மேசையில் வேண்டாம்.

காகித விளக்குக்குள் மெழுகுவர்த்தி வைக்காமல் எல்இடி விளக்கு வைப்பது நல்ல யோசனைதான். ஆனால் அந்தச் சின்ன விளக்குகளில் பலவும் பொத்தான் பேட்டரியில் எரிபவை. விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே அரித்துப் புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடிக்குத் திருகாணி போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். திருகாணி இல்லாததை நான் வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை.

* * *

பதின்வயதுப் பிள்ளைகளை மேசைக்கு வரவைத்தவர்கள் யாராவது உண்டா? எங்கள் மகன் ஒரே ஒரு வேலைக்குத்தான் வந்தான். சயனோடைப், அதாவது வெயிலில் எடுக்கும் நீலப் படம். ரசாயனம் பூசிய தாள் தயாராகவே விற்கிறார்கள். இலை, சாவி, பின்னல் துணி என்று எதையாவது அதன் மேல் பரப்பி, அசையாமல் இருக்கக் கண்ணாடியால் மூடி, நல்ல வெயிலில் சில நிமிடம் வைக்க வேண்டும். பிறகு தண்ணீரில் அலச வேண்டும். பொருள் மறைத்த இடம் வெள்ளையாகவும் மற்ற இடம் நீலமாகவும் தெளியும். தாள் காயக் காய நீலம் இன்னும் அடர்த்தியாகும். அலசும்போது படம் தெளிந்து வருமே, அதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் உட்கார்ந்தான்.

ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த முறை இது. மறுவருடமே அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் கடற்பாசிகளை இப்படிப் படமெடுத்துப் புத்தகமாக வெளியிடத் தொடங்கிவிட்டார். இதைச் சொன்னதும் மகனுக்கு இது "சின்னப் பசங்க வேலை" என்ற எண்ணம் போய்விட்டது. இப்போது தலையணை உறையிலும் அச்சிட ஆரம்பித்திருக்கிறான். துணியில் செய்பவர்கள் கவனிக்க: சோடா கலந்த சலவைத்தூள் பட்டால் நீலம் மஞ்சளாகிவிடும். மென்மையான திரவ சோப்பு மட்டும், அதுவும் சோடா இல்லாததாக. சுவரில் மாட்டிய படம் வெயிலில் வெளுத்தால் கழற்றிச் சில நாள் இருட்டில் வையுங்கள், நீலம் ஓரளவு திரும்பி வரும். இந்த வித்தையையும் அவன்தான் எனக்குக் காட்டினான்.

* * *

கேள்வி கேட்டவருக்கு: செய்ததெல்லாம் அலமாரி மேல் போவதற்குக் காரணம் அதற்கென்று சுவரில் இடம் ஒதுக்காததுதான் என்பது என் எண்ணம். எங்கள் வீட்டு நடைபாதைச் சுவர் முழுக்கப் பிள்ளைகளுக்கு விட்டிருக்கிறோம். பின்பக்கம் திறக்கிற சட்டங்கள் மாட்டியிருக்கின்றன. படம் மாறும், சட்டம் மாறாது. எதை எடுத்து எதை வைப்பது என்ற பஞ்சாயத்தில் நானும் மனைவியும் தலையிடுவதில்லை.

மாட்டுவதற்கு முன் சட்டங்களின் அளவில் பழைய செய்தித்தாளை வெட்டி மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் நடந்து பாருங்கள். தரையிலிருந்து படத்தின் நடுப்பகுதி சுமார் 145 செ.மீ. உயரத்தில் இருந்தால் நிற்கிற பெரியவர் கண்ணுக்குச் சரியாக இருக்கும். காட்சிக்கூடங்களிலும் ஏறக்குறைய அதே உயரம்தான். ஆனால் பிள்ளைகள் பார்க்க வேண்டிய சுவர் என்பதால் நாங்கள் அதைவிட நன்றாக இறக்கியே மாட்டினோம். வருகிறவர்கள் எல்லாம் குனிந்து பார்க்கிறார்கள், பிள்ளைகளுக்கு அதில் ஏகப் பெருமை.

மக்ரமே தொங்கலும் ஒன்று அங்கே இருக்கிறது, மனைவியும் மகளும் பின்னியது. கயிறு வெட்டும்போது முடிவில் வேண்டிய நீளத்தைப் போல் நாலு மடங்கு, இரண்டாக மடித்துக் கம்பில் மாட்டுவதானால் எட்டு மடங்கு. முடிச்சு அவ்வளவு கயிற்றைத் தின்னும்.

வாடகை வீடு என்றால் ஆணி அடிக்க முடியாது, இழுத்துக் கழற்றும் பட்டை வைத்த ஒட்டுக் கொக்கிதான் வழி. சுவரை ஸ்பிரிட்டால் துடைத்துக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவர் என்றால் சில வாரம் பொறுங்கள். கழற்றும்போது முன்பக்கமாக இழுத்தால் பெயின்டும் சேர்ந்து வரும். கொக்கியை ஒரு கையால் லேசாகப் பிடித்துக்கொண்டு, நீட்டிக்கொண்டிருக்கும் பட்டையின் நுனியைச் சுவரோடு ஒட்டினாற்போலக் கீழ்நோக்கி மெல்ல இழுத்தால் அது ரப்பராக நீண்டு தானே விட்டுவிடும்.