எங்கள் வீட்டில் வேலையில்லாதவர் யாருமில்லை!

பண்ருட்டிக்காரர்:
தொழிலாளர் கணக்கெடுப்புக்கு யார் வீட்டுக்காவது ஆள் வந்திருக்கிறார்களா? எங்கள் வீட்டுக்கு வந்தார், கையில் டேப்லெட்டோடு. போன 7 நாளில் யார் என்ன செய்தார்கள் என்று நாள் நாளாகக் கேட்டார்.

தம்பி பி.இ. மெக்கானிக்கல் முடித்து மூன்று வருடம் ஆகிறது. "சும்மாதான் சார் இருக்கேன்" என்றான். அவர் விடவில்லை. "ஞாயிற்றுக்கிழமை?" மாமா ஒரு கல்யாணத்துக்குப் போனதால் அவருடைய ஜெராக்ஸ் கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தான், 200 ரூபாய் கொடுத்தார். சரி, போச்சு. வாரக் கணக்கில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே வேலையில் இருப்பவராம். அப்பா மெதுவாகக் கேட்டார்: "பொண்ணு பார்க்கப் போற இடத்துல இதைச் சொல்லலாமாடா?"

அம்மா, "நான் எங்கப்பா வேலைக்குப் போறேன், வீட்லதான் இருக்கேன்" என்றார்கள். பக்கத்திலேயே முறத்தில் பாதி உரித்த முந்திரி, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் அம்மாவும் வேலையில் இருப்பவர்.

அக்கா பி.எட்., ஏழெட்டு பள்ளிக்கு விண்ணப்பித்து அலுத்துப்போய் விட்டுவிட்டாள். வேலை தேடவும் இல்லாமல், இப்போது வேலைக்குத் தயாராகவும் இல்லாமல் இருப்பவர்கள் தொழிலாளர் படையிலேயே (வேலையில் இருப்பவர், வேலையில்லாதவர் இரண்டும் சேர்ந்த கணக்கு) வரமாட்டார்கள். வேலையில்லாதோர் விழுக்காடு போடும்போது மேலே வரும் வேலையில்லாதவர் எண்ணிக்கையிலும் இல்லை, கீழே வகுக்கும் மொத்தத்திலும் இல்லை. எனக்கு உறுத்துவது அக்கா கணக்குதான்.

தேவனாம்பட்டினத்துக்காரர்:
எங்களுக்கு எந்த மாதம் வந்து கேட்கிறார்கள் என்பதுதான் விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். நான் படகில் பங்கு ஆள். மே மாதம் கடலூரில் சித்தாள் வேலைக்கு நாயாய் அலைந்த வாரத்தில் கேட்டிருந்தால் வேலையில்லாதவன். வருடக் கணக்கில் பார்த்தால் மீனவன், ஒரு குறையும் இல்லை. வீட்டுக்காரி தோடு மட்டும் வருடா வருடம் அடகுக்கடைக்குப் போய் வருகிறது.

பண்ருட்டிக்காரர்:
ஆமாம் அண்ணே. தம்பி வேலைக்குக் காத்திருக்கிறான் என்று ஒத்துக்கொள்வது வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேடு ஒன்றுதான். அதிலும் பாருங்கள், தனியாரில் நல்ல சம்பளம் வாங்கும் சித்தப்பா பையன் பெயரும் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது, தம்பிக்கு இந்த மாதம்தான் கடைசி. இருங்கள், அவனை எழுப்பிவிட்டு வருகிறேன்.